கொண்டி போடத் தெரிந்த பூனை

எடைத்தராசில் நிற்க பட்டன் மறுத்துவிட்டாள்.

வெண்டல் தூக்கி வைத்தார். இறங்கினாள். மறுபடி வைத்தார். முள் ஓரிடத்தில் நிற்பதற்குள் அடுப்புக்கு அடியில் போய்விட்டாள்.

எடை போடாமல் அவருடைய விமானத்தில் எதுவும் ஏறியதில்லை. மாவு மூட்டை, டீசல் டிரம், பாதிரியார், பாதிரியாரின் மாமியார் என்று எல்லாமே அந்தத் தராசுக்கு வந்து போனவைதான். நாலு பேர் உட்காரும் சின்ன விமானம். சாலையே இல்லாத ஊரில் அதுதான் அவருக்கு வண்டி. ஒரு பூனைக்காக வழக்கத்தை மாற்ற முடியாது.

கடைசியில் பூனையைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு அவரே தராசில் ஏறினார். பிறகு பூனையை விட்டுவிட்டுத் தனியாக ஏறினார். கழித்துப் பார்த்தார். பூசணிக்காய் மாதிரி ஆகியிருந்தாள். அதில் அவருக்குப் பெருமை. குளிர்காலத்தில் அவரும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். அதைக் கவனிக்காதவர்போல இறங்கிக்கொண்டார்.

பூனை அவருடையது இல்லை. பக்கத்து வீட்டு அன்ஃபீசாவுடையது.

அன்ஃபீசா அந்த ஊரில், ஸ்ப்ரூஸ் பெண்டில், பள்ளிக்கூடத்துச் சமையல் பார்த்தவர். போன இலையுதிர் காலத்தில் பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மலைக்கு அந்தப் பக்கம், நிக்கோலாய் ஏரிக்கரையில் இருக்கும் அக்கா மத்ரோனாவின் வீட்டுக்குப் போய்விடுவதென்று அன்ஃபீசா முடிவு செய்தார். மூட்டை கட்ட அக்காவும் வந்திருந்தார்.

கிளம்புகிற காலையில் பூனையைக் காணவில்லை. ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடியது. மத்ரோனா தபால் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தங்கையைச் சீக்கிரம் வரச் சொல்லிக் கத்தினார். விமானம் ஓட்டும் லாய்டு எஞ்சினை முடுக்கிவிட்டான்.

"கெடச்சா வச்சுக்கோங்க. அப்புறம் பாத்துக்கலாம்" என்று வெண்டலிடம் சொல்லிவிட்டு அன்ஃபீசா ஏறிக்கொண்டார்.

விமானம் மலைக்குப் பின்னால் மறைந்த பிறகு வெண்டலின் எண்ணெய்க் கொட்டகையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கதவில் கொண்டி போட்டிருந்தது. வெளிப்பக்கம். எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு டிரம்மின் மேல் பட்டன் உட்கார்ந்திருந்தாள்.

கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது.

வெண்டல் அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தார். பூனை உள்ளே போனதில் அதிசயம் இல்லை. உள்ளே போனபின் வெளியே கொண்டி போட்டதுதான் அதிசயம். காற்றாக இருக்குமோ என்று கதவைத் திறந்துவைத்து, எதிரே நாற்காலி போட்டு, காற்றுக்காகக் காத்திருந்தார். காற்று வந்து கதவைச் சாத்தியது. கொண்டி அசையவில்லை. ஆகவே இது சாதாரணப் பூனை இல்லை என்று தீர்மானித்தார். எப்படிச் செய்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க அவள் கதவுகளைப் பார்க்கிற பார்வையைக் கவனித்துவந்தார். அதில் ஏதோ இருந்தது.

அன்ஃபீசாவிடம் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"அவ கெட்டிக்காரிதான்" என்றார் அன்ஃபீசா.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் தொலைபேசி. பூனை என்ன தின்றது, எங்கே தூங்கியது, எந்தக் கதவை முறைத்தது என்று வெண்டல் சொல்வார். சொல்லி முடித்ததும் அன்ஃபீசா, "நீங்க சாப்டீங்களா?" என்று கேட்பார். ஆமாம் என்பார் வெண்டல். பிறகு இருவரும் அவரவர் ஊர் வானிலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். அடுத்த ஞாயிறுக்கான செய்திகளைச் சேர்க்க வெண்டல் பூனையின் பின்னால் திரிவார்.

எப்போது கொண்டுவருகிறீர்கள் என்றும் அன்ஃபீசா அவ்வப்போது கேட்டார். ஆற்றில் ஐஸ் போகட்டும் என்றார் வெண்டல். எஞ்சின் எண்ணெய் குளிரில் கெட்டியாகிவிட்டது என்றார். மலையில் மேகம் என்றார். அன்ஃபீசா ஒவ்வொன்றுக்கும் சரி என்றார்.

போன ஞாயிறு அன்ஃபீசாவே, "ஆத்துல ஐஸ் போயிடுச்சாமே. லாய்டு சொன்னான்" என்றார்.

அதற்குமேல் பொய் சொல்ல வெண்டலிடம் பருவம் மிச்சமில்லை.

பூனையை இறக்கிவிட்டால் அதோடு கதை முடிந்தது. பேச விஷயம் இல்லை. பறந்து போகக் காரணம் இல்லை. அந்தப் பக்கத்தில் யாரும் விமானத்தைக் காலியாக எடுப்பதில்லை. பெட்ரோலே விமானத்தில்தான் வருகிறது. அதைச் சும்மா எரிப்பவனைப் பைத்தியம் என்பார்கள். லாய்டு இளவயதில் ஒருமுறை காலி விமானத்தில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனான். அவளையே கட்டிக்கொண்டு பிள்ளைகளும் பெற்றுவிட்டான். இன்றும் அவன் எங்கே இறங்கினாலும், "இன்னிக்கு என்ன சுமை லாய்டு, காதலா?" என்று கேட்காமல் மூட்டையைத் தொடமாட்டார்கள்.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் வெண்டல்.

பூனைக்காக ஒரு பலகைப் பெட்டி செய்திருந்தார். கொண்டியின் சூட்சுமம் தெரிந்த பூனை என்பதால் கதவுக்கு மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று எனக் கொண்டிகள் வைத்தார். அதன்மேல் கயிறும் கட்டினார். பின்பக்கம் மூச்சுவிடக் கோழிவலை அடித்தார். வலைக்கு நாலு சின்ன ஆணி போதும் என்று நினைத்தார். அவ்வளவு அறிவுள்ள பூனை வலையை முட்டித் தள்ளுகிற மட்டமான வேலையில் இறங்காது.

பெட்டிக்குள் போக பட்டன் சம்மதிக்கவில்லை. அன்ஃபீசாவுக்கென்று அவரே புகைபோட்டுக் காயவைத்த சால்மன் மீன், காகிதப் பொட்டலத்தில் தயாராக இருந்தது. அதைப் பிரித்து ஒரு துண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டார். பூனை உள்ளே போனது. பொட்டலம் எங்கே இருக்கிறது என்பதும் அதற்குத் தெரிந்துபோனது.

கிளம்பும்போது வழக்கப்படி வானொலியில் அறிவித்தார். தலையில் மாட்டிப் பேசும் ஹெட்செட்டைப் பழுதுபார்க்க ஆங்கரேஜ் நகரத்துக்கு அனுப்பியிருந்தார். அது திரும்பி வரவில்லை. அதனால் பழைய கைமைக். எதிரே கொக்கியில் சுருள் ஒயரோடு தொங்கும். பக்கவாட்டுப் பட்டனை அழுத்தினால் பேசலாம். விட்டால் தலைக்கு மேலே ஸ்பீக்கரில் கேட்கலாம். பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

"செவப்பு செஸ்னா விமானம். ஸ்ப்ரூஸ் பெண்ட்லருந்து நிக்கோலாய் ஏரிக்கு. ரெண்டு உயிர்" என்றார்.

அங்கே ஆள்கணக்கை உயிர்க்கணக்காகத்தான் சொல்வார்கள். விழுந்துவிட்டால் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிய வேண்டும்.

எங்கோ பறந்துகொண்டிருந்த லாய்டு கேட்டான். "ரெண்டா? கூட யாரு பெரியவரே?"

"பட்டன்."

"பூனையெல்லாம் கணக்குல வருமா?"

"தேடி வர்றவன் ஒண்ணோட திரும்பிடக் கூடாதுல்ல" என்றார் வெண்டல்.

ஆற்றைத் தாண்டும்போது பின்னால் ஒரு ஆணி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. கொண்டிகளும் கயிறும் அப்படியே இருந்தன. பட்டன் பின்பக்கமாக வெளியே வந்து, இருக்கைகளுக்கு அடியில் நடந்து, வெண்டலின் இடது கால் பெடலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

இடது பெடலை மிதித்தால் பூனை நசுங்கும். வலது பெடலை மட்டும் மிதித்தார். விமானம் ஒரு சதுப்பு நிலத்தின் மேல் வலப்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது. கீழே ஒரு மூஸ் மான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த சுற்றில் அது பார்க்கவில்லை.

குனிந்து பிடிக்கலாம் என்றால் முன்னால் பார்க்க முடியாது. கையை நீட்டினார், கீறினாள். கடைசியில் வழியில் தின்னக் கோட்டுப்பையில் வைத்திருந்த ஒரு துண்டு சால்மனை எடுத்துப் பின் இருக்கையில் வீசினார். பூனை பெடலை விட்டுப் பின்னால் தாவியது. வெண்டல் விமானத்தை நேராக்கினார். நிம்மதியாக மூச்சுவிட்டார். கொஞ்ச நேரத்தில் காகிதம் கிழியும் சத்தம் கேட்டது. பொட்டலம் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை.

அது ஒரு நீண்ட சத்தம். பரிசு முழுவதும் அதில் முடிந்தது.

வயிறு நிறைந்த பட்டன் முன்னால் வந்து, சூடான காற்று வரும் இடமாகப் பார்த்து, கண்ணாடிக்கு எதிரே ஏறி உட்கார்ந்தாள். திசைகாட்டி தெரியவில்லை. திசையும் பாதிதான் தெரிந்தது. பிறகு தொங்கிக்கொண்டிருந்த மைக்கின் சுருள் ஒயரைக் கண்டாள். ஒருமுறை தட்டினாள். அது ஆடியது. பல்லை வைத்தாள்.

வெண்டல் அவளைப் பிடித்துக் கோட்டுக்குள் திணித்தார். அங்கிருந்து தலையை நீட்டி மறுபடி ஒயரைக் கடித்தாள். ஆகவே மைக்கையும் கொக்கியிலிருந்து எடுத்துக் கோட்டின் உள்பையில் போட்டு, பொத்தான்களை மேல்வரை மாட்டினார். பட்டன் அதன்மேல் படுத்துக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே கதகதப்பாக இருந்தது.

ஸ்பீக்கரும் அடங்கிவிட்டது. இன்று பள்ளத்தாக்கு அமைதியாக இருக்கிறது என்று வெண்டல் நினைத்துக்கொண்டார்.

மலைக்கணவாய்க்காக மேலே ஏறத் தொடங்கியதும் பூனைக்குக் காது வலித்தது. ஊளையிட்டாள்.

"என்னடி" என்றார் வெண்டல்.

ஊளை நின்றது. அவர் வாயை மூடியதும் மறுபடி தொடங்கியது. பேசினால் நின்றது. பேசாவிட்டால் ஊளை. அவருக்கு விளங்கிவிட்டது. கணவாயைத் தாண்டும்வரை பேசிக்கொண்டே போக வேண்டும்.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னார். காற்று எந்தப் பக்கம் என்று சொன்னார். கீழே தெரிந்த ஏரிகளின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். சால்மனுக்காகப் பூனையைத் திட்டினார். அவரிடம் இருந்த பேச்சு அவ்வளவுதான். கணவாய் இன்னும் வரவில்லை. பட்டன் வாயைத் திறந்தாள்.

"சரி சரி, இரு" என்றார். "இன்னிக்கு உன்ன எறக்கிட்டா ஞாயித்துக்கெழம நான் எதச் சொல்லி போன் பண்றது? அதச் சொல்லு மொதல்ல."

பட்டன் வாயை மூடிக்கொண்டாள்.

"ஐஸ் போயி நாளாச்சு. எண்ணெயும் கெட்டியாகல. எல்லாம் பொய்யி. உன்னக் குடுத்துட்டா அவங்க எதுக்கு என்கிட்ட பேசப் போறாங்க. நீ தின்னதையும் தூங்குனதையும் சொல்லி முடிச்சதும் சாப்டீங்களான்னு கேப்பாங்க பாரு, அதுக்காகத்தான் நான் வாரம் பூரா ஒக்காந்திருக்கேன். ஆமான்னுடுவேன். பாதி நாளு சாப்டுருக்க மாட்டேன். அது வேற."

பூனை குர்குர்ரென்று சத்தம் போடத் தொடங்கியது. அது கேட்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

சொல்லச் சொல்ல வந்தது. அன்ஃபீசா போனபின் பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் புகை வராததால், காலையில் ஜன்னலைத் திறப்பதையே விட்டுவிட்டதைச் சொன்னார். அந்த வீட்டு வாசலில் பனி விழுந்தபோதெல்லாம் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தே வாரி ஒதுக்கியதைச் சொன்னார். நேரே போய்ப் பார்க்கலாம்தான், ஆனால் காலி விமானத்தை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போவது என்று கேட்டார். அப்படியே போனாலும் வாசலில் அந்த அக்கா நிற்பாரே என்றார்.

"மத்ரோனாவப் பாத்தா கரடியே வழி விட்டுப் போகும். நான் எம்மாத்திரம்?"

கணவாயில் காற்று அடித்தது. விமானம் ஒருமுறை தூக்கிப்போட்டது. கோட்டுக்குள் பட்டன் புரண்டாள். சட்டென்று தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறியது.

"...வெண்டல்! பட்டன்! பட்டனப் பாருங்க! பட்டன்!"

லாய்டின் குரல். குரலில் அவ்வளவு பதற்றம். வெண்டலுக்கு மனசு இளகிவிட்டது. கோட்டுக்குள் கைவிட்டு மைக்கை எடுத்தார்.

"பட்டன் நல்லாத்தான் இருக்கா லாய்டு. கோட்டுக்குள்ள படுத்திருக்கா. விசாரிச்சதுக்கு நன்றி" என்றார்.

ஒயரைப் பூனை பார்ப்பதற்குள் மைக்கை மறுபடி உள்பையில் போட்டார். பட்டன் அதன்மேல் சுருண்டு படுத்தாள்.

"பாத்தியா, அவனுக்குக்கூட உன்மேல எவ்வளவு அக்கறன்னு. தங்கமான பையன். விமானத்த எறக்கத்தான் இன்னும் வரல. அவன் எறக்குனா முட்டையெல்லாம் ஆம்லெட்டாத்தான் வரும். அன்னிக்கு அவன அவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கக் கூடாது. காலி விமானத்துல போறதுக்கும் ஒரு தைரியம் வேணும். எனக்கில்ல."

கணவாயைத் தாண்டி விமானம் இறங்கத் தொடங்கியது. காது சரியாகிவிட்டது, பூனை தூங்கிவிட்டது. பேச வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் ஏரி கண்ணில்படும்வரை வெண்டல் நிறுத்தவில்லை. நிறுத்த வரவில்லை.

இறங்கும் முன் அறிவிக்க வேண்டும். மைக்கை மெதுவாக உருவி எடுத்தார். ஏரிக்கரை ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வதும், விமானங்களுக்குப் பதில் சொல்வதும் மத்ரோனாவின் வேலை. அதற்கான வானொலி அவர் சமையலறையிலேயே இருந்தது.

வெண்டல் வாயைத் திறப்பதற்குள் மத்ரோனாவின் குரல் வந்தது.

"ஓடுபாதை காலி. காத்து மேக்க. மெதுவா எறக்குங்க, பூனை தூங்குது."

பூனை தூங்குவது இவருக்கு எப்படித் தெரியும் என்று வெண்டலுக்குத் தோன்றியது. ஓடுபாதை குட்டை. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டு இறக்கினார்.

ஓடுபாதை ஓரத்தில் ஊரில் பாதி நின்றது. தபால் நாள் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் யார் கையிலும் தபால் இல்லை. அவர் இறங்கியதும் ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு முந்தானை இல்லாத குறைக்குக் கையுறையால் வாயைப் பொத்தினார்கள்.

லாய்டு தன் விமானத்தில் சாய்ந்துகொண்டு நின்றிருந்தான்.

"பட்டன்னு கத்துனது பூனைய இல்ல பெரியவரே" என்றான். "மைக்ல ஒரு பட்டன் இருக்கே, அத."

வெண்டல் அசையாமல் நின்றார். கோட்டுக்குள் கையை விட்டு உள்பையைத் தொட்டுப் பார்த்தார். பூனையின் வயிற்றுச் சூடு அதில் இன்னும் இருந்தது.

"எப்பருந்து?"

"ஏரிங்க பேரு வாசிக்கிறதுக்கு முன்னாலயே. கொரகொரன்னு சத்தம் வந்துச்சா, எஞ்சின் போச்சுன்னு எல்லாரும் பயந்துட்டோம். நான் இங்க எறங்குனதும் மத்ரோனாதான் சொன்னாங்க, அது எஞ்சின் இல்ல, பூனைன்னு." லாய்டு கொஞ்சம் நிறுத்தினான். "நான் இன்னிக்கு நல்லாத்தான் எறக்குனேன். முட்ட ஒண்ணும் ஒடையல."

வெண்டல் திரும்பித் தன் விமானத்தைப் பார்த்தார். எஞ்சின் இன்னும் சூடாக இருந்தது. பெட்ரோல் இருந்தது. பூனையைக் கிழவர் கையில் கொடுத்துவிட்டு ஏறிவிடலாம். ஆனால் பூனையைக் கொடுத்துவிட்டால் விமானம் காலி. தப்பித்து ஓடுவதானாலும் காலியாக ஓடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கூட்டம் விலகியது. அன்ஃபீசா வந்தார். மாவு படிந்த கை. கோட்டுக்கு மேலேயே சமையல் ஏப்ரனைக் கட்டியிருந்தார். அவர் பார்வை பூனைமேல் போகவில்லை.

"சாப்டீங்களா?" என்றார்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இல்ல" என்றார் வெண்டல்.

சமையலறையில் மீன் சூப்பும், எண்ணெயில் பொரித்த ரொட்டியும், டீயும் இருந்தன. வானொலி அலமாரியில் இருந்தது. வெண்டல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவருக்கு எதிரே மத்ரோனா உட்கார்ந்திருந்ததால் அதிலும் பெரிய நன்மை இல்லை.

"கரடி உள்ளதான் இருக்கு. பயப்படாம சாப்டுங்க" என்றார் மத்ரோனா.

வெண்டல் சாப்பிட்டார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று பட்டது.

"உங்களுக்குன்னு கொஞ்சம் சால்மன் எடுத்து வச்சிருந்தேன்..."

"கேட்டேன்" என்றார் அன்ஃபீசா.

"கணவாய்ல காத்து..."

"கேட்டேன்."

"அந்த வாசல்ல பனிய..."

"அதையும் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அன்ஃபீசா அவர் கோப்பையில் டீயை ஊற்றினார். கோப்பை ஏற்கெனவே நிறைந்திருந்தது. டீ தட்டில் வழிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். யாரும் துடைக்கவில்லை.

சொல்வதற்கு வெண்டலிடம் ஒன்றும் மிச்சமில்லை. அவர் வாழ்நாளில் இவ்வளவு காலியாக உட்கார்ந்ததில்லை. அது ஒன்றும் அவ்வளவு மோசமாகவும் இல்லை. பிறகு வானொலியில் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். இவளுக்கு நீங்க கதவு விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும். வெளிய இருக்கிற கொண்டிய உள்ள இருந்தே போட்டுடுவா. எப்படின்னு எனக்கு இன்னும் புடிபடல. எங்க கொட்டகையில..."

அன்ஃபீசா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுப்பில் எதுவும் இல்லை. கரண்டியை எடுத்து இன்னொரு இடத்தில் வைத்தார். பின்னாலிருந்து பார்க்க அவர் காதுகள் சிவந்திருந்தன.

தூக்கம் கலைந்த பட்டன் நடந்து சமையலறைக் கதவுக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. அதன் எதிரே உட்கார்ந்துகொண்டு, யாராவது வந்து திறந்துவிடச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

மத்ரோனா பூனையைப் பார்த்தார். தங்கையின் முதுகைப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தார்.

"தெறந்த கதவையே தாண்டத் தெரியாத ஜென்மம் இது" என்றார். "அன்னிக்கு அங்க கொண்டி போட்டது என் தங்கச்சிதான் வெண்டல், சுமை இல்லாம நீங்க எங்கயும் வரமாட்டீங்கன்னு."